சீனன்குடாவில் ‘ரன்’ படிப்பித்த காலம்

வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்திருக்கும் உங்களில் சிலர், நான் வகுப்பில் கதிரையில் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். அதற்குக் காரணமும் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று அறிகிறேன். முதுகுவலி என்கிறார் ஒருவர். மாணவர்மேல் உள்ள மரியாதை என்கிறார் இன்னொருவர். அவர் என் வகுப்பு எதையும் பார்த்ததில்லை போலும். உண்மைக் காரணம் மிகச் சாதாரணமானது. என் கதிரையை ஒரு சீன மாலுமி தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தில் அது நடந்தது. அதன் பிறகு எனக்கு வேறு கதிரை தரப்படவில்லை. கேட்க எனக்கு முகமும் இருக்கவில்லை.

அப்போது நான் ஆசிரியன் அல்ல. கொழும்பில் வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் திருகோணமலை நிருபர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஒரு நிருபனுக்கு இதைவிட நல்ல காலம் வராது என்று நினைத்தேன். தணிக்கை அதிகாரி வேறு மாதிரி நினைத்தார். கப்பல் என்று எழுதினால் வெட்டினார். கப்பலைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்த சனம் என்று எழுதினால் சனத்தையும் வெட்டினார். கடைசியில் ஆத்திரத்தில், திருகோணமலையில் நல்ல மழை என்று ஒரே ஒரு வரி அனுப்பினேன். காலநிலை எதிரிக்குப் பயன்படும் என்று அதுவும் போயிற்று. ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஊரில் பாதிப் பேர் கந்தளாய்ப் பக்கமும் திரியாய்ப் பக்கமும் போய்ச் சேர்ந்தார்கள். என் வாழ்நாளின் மிகப் பெரிய செய்தி என் கண்ணுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. நான் பதுங்குகுழிக்குள் குந்திக்கொண்டு, பிரசுரிக்க முடியாத தலைப்புகளை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதாத நிருபனுக்குப் பத்திரிகை எவ்வளவு காலம் சம்பளம் கொடுக்கும்? துறைமுகத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறிது காலம் உதவி ஆசிரியராக இருந்ததுதான் என் தகுதி. யாருக்குப் படிப்பிப்பது என்று நான் கேட்கவில்லை. வேலை கிடைத்த பிறகுதான் துறைமுக அதிகாரி சொன்னார். அவர் இளைத்துப்போன ஒரு வெள்ளைக்காரர். எப்போதும் நித்திரை காணாத கண்.

டோர்ப்பிடோ பட்ட ஒரு எண்ணெய்க் கப்பலை இழுத்துக்கொண்டு வந்து துறைமுகத்தில் விட்டிருந்தார்கள். அதன் மாலுமிகள் சீனர்கள். சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டிலில் அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். துறைமுகத்துக்குள் ஆட்களையும் தண்ணீரையும் ஏற்றி இறக்கும் லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகுகளுக்கு ஆள் போதாது. இவர்களை ஒவ்வொரு லோஞ்சுக்கும் ஒருவராகப் போடலாம். ஆனால் கட்டளை ஆங்கிலத்தில் வரும். அதற்கு ஒரு பரீட்சை. விளங்குகிறவர் துறைமுகத்தில் நிற்கலாம். விளங்காதவர் அடுத்து வரும் எண்ணெய்க் கப்பலில் போக வேண்டும்.

அந்த நாளில் எண்ணெய்க் கப்பலில் போவது என்றால் என்ன என்று துறைமுகத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றக் கப்பல்களில் குண்டு பட்டால் கடலில் குதிக்கலாம். எண்ணெய்க் கப்பலில் குதிக்கக் கடலும் மிஞ்சாது. அதுவும் சேர்ந்து எரியும்.

நகர இறங்குதுறையிலிருந்து சீனன்குடாவுக்கு என்னை ஏற்றிப்போனவர் கிண்ணியாக்காரர். லோஞ்சு ஓட்டுவதில் கெட்டிக்காரர், வாயில் அதைவிடக் கெட்டிக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். முதல் நாளே கேட்டார்:

“சீனனுக்கு இங்கிலீசு படிப்பிக்கவா போறீங்க? அப்ப உங்களுக்குச் சீனம் தெரியுமா மாஸ்டர்?”

“தெரியாது.”

“அவனுகளுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நல்லம். ஒருத்தரோட ஒருத்தர் சண்டை பிடிக்க ஏலாது.”

கொட்டிலில் என்னை வரவேற்றவர் கப்பலின் சமையல்காரர். உருண்டையான, சிரித்த முகம். மேசை பரிமாறிப் பொறுக்கிய ஆங்கிலம் அவரிடம் கொஞ்சம் இருந்தது. முதல் கேள்வி அவர்தான் என்னிடம் கேட்டார்.

“இந்த இடத்துக்குப் பெயர் சீனன்குடாவாம். எந்தச் சீனன்?”

“பழைய காலத்துச் சீனர்கள்” என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

“இப்போது எங்கே?”

“இல்லை. போய்விட்டார்கள்.”

“அவர்களுக்கு என்ன பரீட்சை வைத்தீர்கள்?”

மற்றவர்கள் ஏழெட்டுப் பேர். இருவரைச் சொன்னால் போதும். ஒருவன் லியாங். எல்லோரிலும் குள்ளம், எல்லோரிலும் இளையவன். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. அவன் வேலை செய்த இரண்டு கப்பல்கள் ஏற்கனவே கடலுக்கடியில் கிடந்தன; பழுதாகி நின்றது மூன்றாவது. இடது கையில் முழங்கை வரை தோல் சுருங்கி, மெழுகு வழிந்து காய்ந்ததுபோல இருந்தது. இவன் கடற்பக்கம் முகம் வைத்துப் படுப்பதில்லை என்று சமையல்காரர் சொன்னார். அந்தப் பரீட்சை யாருக்கு வேண்டுமோ இல்லையோ, லியாங்குக்கு வேண்டும்.

மற்றவர் நம்பர் வன். அது அவருடைய பெயரல்ல, பதவி. கப்பலில் சீன மாலுமிகளை வேலைக்குச் சேர்ப்பவர், வேலை வாங்குபவர், அவர்களுக்காகப் பேசுபவர் எல்லாம் அவர்தான். வெள்ளைக்கார அதிகாரி அவரிடம் சொல்வார், அவர் இவர்களிடம் சொல்வார். அதனால்தான் இத்தனை வருஷம் ஆங்கிலக் கப்பல்களில் இருந்தும் இவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. நெடிய மனிதர், நரைத்த தலை, குறைந்த பேச்சு. சமையல்காரர் மட்டும் அவருக்குக் கீழே வருகிறவரல்ல; குசினி வேறு பிரிவு.

இந்த விவரம் எல்லாம் முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. நிருபன் அல்லவா, விசாரித்து வைத்திருந்தேன். விசாரித்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நான் செய்த முதல் வேலை, மிஷன் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல எல்லோரையும் உயரத்தின்படி இருத்தியது. குள்ளமானவர் முன் வாங்கில், உயரமானவர் பின் வாங்கில். யாரும் யாருக்கும் மறைக்க மாட்டார்கள். மிக விஞ்ஞானபூர்வமான ஏற்பாடு. லியாங் எனக்கு நேர் முன்னால். நம்பர் வன் கடைசி வாங்கில், சுவரோடு, எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பேற்றப்படாதவர்கள் இருக்கிற இடத்தில்.

இரண்டாவது வேலை இன்னும் சிறப்பானது. தந்தியில் செய்தி அனுப்பிப் பழகியவன் நான். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. இரண்டு சொல் போகிற இடத்தில் ஒரு சொல்லை அனுப்பி முடித்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு மனம் நிறைந்திருக்கும். அதே மூளையோடு வகுப்புக்குப் போனேன். நிறையச் சொற்களைப் படிப்பித்து அவர்களையும் என்னையும் வருத்துவதைவிட, நிறைய அர்த்தமுள்ள ஒரே சொல்லைப் படிப்பித்தால் என்ன? அகராதியைத் திறந்து, எந்தச் சொல்லுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று விரலால் அளந்தேன். ‘ரன்’ வென்றது. மனிதன் ரன். எஞ்சின் ரன். பைப்பில் தண்ணீர் ரன். மூக்கு ரன். கழுவினால் சாயம் ரன். கடை நடத்துவது ரன், கள்ளச்சாமான் கடத்துவதும் ரன். கயிறு கையைவிட்டு விரைந்து போவது ரன். பண்டம் தீர்ந்துபோவதும் ஒரு வகை ரன். ஒரே சொல்லில் ஒரு துறைமுகம் முழுவதும் அடங்கியிருந்தது. இவ்வளவு மலிவான பாடம் உலகத்தில் கிடையாது என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டேன்.

எழுதிவிட்டு, முன் வாங்கில் இருந்த லியாங்கை எழுப்பிக் கேட்டேன். அவன் எழுந்தான். தலையை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். அடுத்தவரைக் கேட்டேன். அவரும் பின்னால் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். இப்படியே போய், நம்பர் வன்னை எட்டுவதற்குள் எனக்கு அலுத்துவிடும். அவரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசி வாங்கில் இருப்பவரிடம் என்ன கேட்பது?

பதில் சொன்னவர் சமையல்காரர் ஒருவரே. அவர் எதையும் விடாமல் பாடமாக்கினார். சும்மா பாடமாக்கவில்லை, தர்க்கமும் பண்ணினார். மணிக்கூடு ரன் என்றால் ஏற்க மாட்டார்.

“எங்கள் ஊரில் மணிக்கூடு நடக்கும். உங்களுடைய மணிக்கூடுகளுக்கு என்ன அவசரம்?”

“கப்பல்?”

“கப்பலைத் திறப்போம். திறந்தால் போகும்.”

“அப்படியென்றால் உங்கள் ஊரில் ஓடுவது எது?”

யோசித்துவிட்டுச் சொன்னார்: “டயரில் இருக்கும் காற்று. வெளியே ஓடிவிடும்.”

அன்று லோஞ்சில் திரும்பும்போது என் சொந்த மொழியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். பஸ் ஓடுகிறது. படம் ஓடுகிறது. காலம் ஓடுகிறது. மனம் ஒன்றிலும் ஓடவில்லை. ஆனால் கடையை நடத்துகிறோம், சாயம் போகிறது. எங்கள் ஓட்டமும் ஆங்கிலேயருடைய ஓட்டமும் கொஞ்சத் தூரம் சேர்ந்து போய், சொல்லாமல் கொள்ளாமல் பிரிந்துவிடுகின்றன. மூன்றாவது ஒரு மொழிக்காரன் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எப்படித் தவிப்பான் என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, இன்னும் சில அர்த்தங்களைச் சேர்க்கலாம் என்பது.

சமையல்காரரின் கெட்டித்தனம் என்னை முழுதாகக் கெடுத்தது. ஒருவருக்கு விளங்குகிறது என்றால் பாடத்தில் பிழையில்லை. மற்றவர்கள் மந்தம் என்று முடிவு கட்டினேன். இந்த முடிவுக்கு நீங்களும் வருவீர்கள். வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

காக்காவுக்கு என் பாடத்தின் புகழ் எப்படியோ எட்டிவிட்டது. பின்னேரம் என்னை ஏற்ற வரும்போதெல்லாம் தூரத்திலேயே கத்துவார்:

“மாஸ்டர், இண்டைக்கி எத்தின ரன்?”

வெள்ளைக்காரர் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்த்துப் பழகியவர். அவர் கேட்டுக் கேட்டு, அந்த ரன்னையும் நான் விட்டுவிட்டேனே என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. சீனர்கள் கிரிக்கெட்டைக் கண்டதில்லை. ஆகவே மறுநாள், கொட்டிலுக்கு வெளியே வாங்குகளைப் போட்டு எல்லோரையும் இருத்தி, இரண்டு எண்ணெய் டின்களை வைத்து, கையில் தென்னை மட்டையோடு, ஒரு டின்னிலிருந்து மற்ற டின்னுக்கு நானே ஓடிக் காட்டினேன். வெள்ளைக் காற்சட்டை, சப்பாத்து, கழுத்தில் டை. நல்ல வெயில்.

தாங்கிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டார்கள். குண்டு விழுந்து அதிக காலம் ஆகவில்லை. படித்த ஒரு மனிதர் தலைதெறிக்க ஓடுகிறார் என்றால் அவருக்கு ஏதோ செய்தி கிடைத்திருக்க வேண்டும். ஒருவர் பதுங்குகுழியில் பாய்ந்தார். பிறகு எல்லோரும் பாய்ந்தார்கள். எல்லோரும் பாய்வதைக் கண்ட காவலாளி, தான்தான் எதையோ கவனிக்கத் தவறிவிட்டார் என்று பயந்து அபாயச் சங்கை ஊதினார். சங்குச் சத்தம் கேட்டதும் நானும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழியில் விழுந்தேன்.

குழியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சீனர்கள் மட்டும் வாங்குகளில் அப்படியே இருந்தார்கள். எல்லோருடைய முகமும் பின்னால் திரும்பியிருந்தது. நம்பர் வன் வானத்தைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். ஒரு சின்னச் சொல் சொன்னார். எல்லோரும் முன்னால் திரும்பினார்கள். லியாங்கின் முகத்தில் வியர்வை, ஆனாலும் அசையவில்லை. பத்திரிகைக்காரனின் கண் என்று நான் பெருமைப்படுகிற கண்ணால் இதில் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். பார்த்து, ‘எவ்வளவு மந்தம், சங்கு ஊதினால் ஓடக்கூடத் தெரியவில்லை’ என்று குழிக்குள் இருந்தபடி முடிவு செய்தேன்.

துறைமுக அதிகாரி விசாரிக்க வந்தார். உடுப்பில் மண்ணோடு எதிரே நின்றேன்.

“என்ன படிப்பித்தீர்?”

“ரன், ஐயா.”

“கண்டேன்” என்றார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்துவிட்டது. நாளை பரீட்சை, தேறாதவர்கள் அடுத்த நாள் அதில் ஏற வேண்டும்.

அன்று லோஞ்சில் காக்கா ரன் கணக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து வேறு எதையோ ஊகித்துவிட்டார்.

“என்ன மாஸ்டர், வாய் மூடிட்டு?”

“நாளைக்குப் பரீட்சை, காக்கா.”

“ஆருக்கு? அவனுகளுக்கா, உங்களுக்கா?”

பரீட்சை கொட்டிலிலேயே நடந்தது. ஒரு மேசை, இரண்டு கதிரை. ஒன்றில் அதிகாரி, மற்றதில் நான். மாலுமிகளை வழக்கம்போல உயரத்தின்படி நிறுத்தினேன். முதலில் லியாங். கடைசியில், வாசலடியில், தலையில் வெயில் விழ நம்பர் வன்.

அதிகாரி நல்ல மனிதர். சொல்லை மெதுவாகச் சொன்னார். “எஞ்சினை மெதுவாக ரன் பண்ணு என்றால் என்ன செய்வாய்?”

லியாங்கின் உதடு அசைந்தது. அவனுக்குப் பதில் தெரியும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது. சுருங்கிய அந்தக் கை தானாகவே ஒரு பிடியைத் தேடுவதுபோல எழுந்தது. பிறகு வரிசையின் கடைசிவரை பார்த்தான். கை கீழே போயிற்று. நிலத்தைப் பார்த்தான்.

அடுத்தவர் நிலத்தைப் பார்த்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. வரிசையின் நடுவில் சமையல்காரர் நின்றார். என் நம்பிக்கை முழுவதும் அவரில்தான்.

“லோஞ்சை இறங்குதுறைப் பக்கம் ரன் பண்ணு” என்றார் அதிகாரி.

சமையல்காரர் கண்ணை மூடினார். கைகளைக் கட்டினார். மனிதன் ரன், எஞ்சின் ரன், பைப் ரன், மூக்கு ரன் என்று தொடங்கினார். நான் எழுதிப்போட்ட ஒழுங்கில், ஒன்றும் பிசகாமல், சாயம், கடை, கள்ளச்சாமான் எல்லாம் வந்தன. மணிக்கூட்டுக்கு வந்தபோது கண்ணைத் திறந்து, எனக்காக விட்டுக்கொடுப்பதுபோல ஒரு தலையசைப்போடு, அதையும் சொன்னார். கிரிக்கெட்டில் முடித்தார்.

அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: “இவர் இதைச் சொல்லி முடிக்கும்போது லோஞ்சு எங்கே நிற்கும்?”

நானும் நிலத்தைப் பார்த்தேன்.

அதிகாரி பேனையை மூடினார். “போதும். எல்லோரும் கப்பலுக்குப் போகட்டும்.”

இந்த இடத்தில் நான் ஏதோ சாமர்த்தியமாகச் செய்தேன் என்று பின்னாளில் ஒரு கதை பரவியது. அதை நான் மறுக்காமலும் விட்டேன். உண்மையில் எனக்கு அங்கிருந்து தப்ப வேண்டும்போல இருந்தது. எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் சுருட்டுப் பிடிக்க அனுமதியில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். வாசலுக்குப் போக நம்பர் வன்னைத் தாண்டிப் போக வேண்டும். நரைத்த தலையோடு ஒருவர் வெயிலில் நிற்கிறார், என் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஒருவனுக்கு அப்படித் தாண்டிப் போகக் கால் வராது. கதிரையை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொண்டுபோய், “இருங்கோ” என்றேன். தமிழில்தான் சொன்னேன். பிறகு, வாசலடியில் வெயில் என்பதால், மேசைக்குப் பக்கத்திலேயே, அதிகாரிக்கு அருகே, மாலுமிகளைப் பார்க்கும்படி அதைத் திருப்பிப் போட்டேன்.

அவர் கதிரையையும் என்னையும் பார்த்தார். வந்து அமர்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார்.

வரிசை மாறியது. யாரும் இடம் மாறவில்லை. ஆனால் எல்லோருடைய முகமும் ஒரே திசைக்கு வந்தது. பின்னால் பார்க்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இருக்கவில்லை.

“இவர் ஏன் இங்கே இருக்கிறார்?” என்றார் அதிகாரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாம்பல்தீவிலிருந்து என் மாமனார் வந்தால், அவர் சோற்றில் கை வைக்கும்வரை நான் கை வைப்பதில்லை. ஜப்பான் பர்மாவுக்கு மேற்கே இருக்கிறது என்று அவர் சொன்னாலும் “ஓம் மாமா” என்பேன். அவரைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு, அவருக்கு முன்னால் என் ஆங்கிலத்தைக் காட்டச் சொல்லி யாராவது என்னைக் கேட்டிருந்தால், நானும் நிலத்தைத்தான் பார்த்திருப்பேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வாரமும் ஒரு பொய்ச் சங்கும் தேவைப்பட்டன.

“ஐயா, இன்னொரு தடவை கேளுங்கள்” என்றேன். “இவர் இங்கே இருக்கட்டும். இவரிடம் கேட்க வேண்டாம். இவருக்கு முன்னால், இவரும் கேட்பதுபோல, அவர்களிடம் கேளுங்கள்.”

அது அசட்டுத்தனமாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஆனால் லோஞ்சுகளுக்கு ஆள் இல்லாத கவலை என்னைவிட அவருக்கு அதிகம். பேனையைத் திறந்தார்.

நம்பர் வன் லியாங்கைப் பார்த்துச் சுருக்கமாக ஏதோ சொன்னார். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பையன்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கினால் நம்பர் வன் என்று ஒருவர் இனித் தேவையில்லை. அது அவருக்கு என்னைவிட முன்னரே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

“எஞ்சினை மெதுவாக ரன் பண்ணு.”

லியாங் கையை உயர்த்தி, இல்லாத ஒரு பிடியைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கினான். “மெதுவாக” என்றான்.

“கயிறு ரன் ஆகட்டும்.”

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். பிடிக்க மாட்டானாம்.

“லோஞ்சைக் கரையில் ரன் பண்ணு.”

லியாங் நின்றுவிட்டான். அந்த அர்த்தத்தை நான் படிப்பிக்கவில்லை. மூக்கையும் சாயத்தையும் கிரிக்கெட்டையும் படிப்பித்தவன், ஓட்டை விழுந்த படகைத் தாழாமல் மணலில் ஏற்றுவதைப் படிப்பிக்க மறந்துவிட்டேன். நம்பர் வன் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை, ஒன்றும் காட்டவில்லை. லியாங் யோசித்தான். இரண்டு கப்பலை இழந்தவன் வேறு எதை யோசிப்பான்?

“லோஞ்சு கெட்டுப்போனால்” என்றான் மெல்ல, “மணலுக்குப் போ. ஆள் சாக வேண்டாம்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நிமிராமலே, “சரி” என்றார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். நல்ல ஆங்கிலமல்ல. ஆனால் லோஞ்சு முட்டாது. சமையல்காரரை மறுபடி கேட்கும்படி சொன்னேன். “அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார்” என்றார் அதிகாரி, எனக்கு மட்டும் கேட்க. “கப்பலுக்குச் சமையல்காரரும் வேண்டும்.”

கடைசியில் நம்பர் வன் பக்கம் திரும்பினார். “நீர்?”

நம்பர் வன் அசையவில்லை. வாய் திறக்கவில்லை. இந்த வயதில், இத்தனை பேருக்கு முன்னால், ஒரு பேனைக்குப் பதில் சொல்லப்போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கப்பலுக்குப் போகத் தயாராக அவருடைய பெட்டி கட்டப்பட்டு, வாசலுக்கு வெளியே இருந்தது. வரும்போதே நான் கண்டிருந்தேன். யாருடையது என்று கேட்கவில்லை.

லியாங் வரிசையைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

“அவர் பேசத் தேவையில்லை” என்றான். “நான் பேசுகிறேன். என் லோஞ்சில் வருவார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். விதிப்படி சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. “இத்தனை வாரமும் இவர்களை வாய் திறக்க வைக்க என்னால் முடியவில்லை, ஐயா. இவரால் முடிந்தது” என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “ஒரு லோஞ்சுக்கு இரண்டு பேர்” என்று முணுமுணுத்தபடி எழுதினார்.

எல்லோரும் கலைந்தபோது சமையல்காரர் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

“நான் ஏதாவது விட்டேனா?”

“ஒன்றும் விடவில்லை” என்றேன். அது உண்மை.

தேறவில்லை என்ற விஷயம் அவருக்குத் தெரியவந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினார். அடுத்த நாள் கப்பல் ஏணியில் நின்று என்னைக் கண்டு, “கப்பலைத் திறக்கிறார்கள்!” என்று கத்தினார். அந்தக் கப்பலைப் பற்றிப் பிறகு ஒன்றும் கேள்விப்படவில்லை. கப்பல்களைப் பற்றி யாரும் சொல்லவும் மாட்டார்கள், யாரும் எழுதவும் முடியாது. நான் படிப்பித்ததை முழுதாகப் படித்தவர் என் மாணவர்களிலேயே அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தப்பினார்கள். உங்கள் வகுப்பில் ஒருவர் எல்லாவற்றையும் ஒப்புவிக்கும்போது நீங்கள் மகிழ்ந்துபோனால், நாளைக்கு அவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று கேளுங்கள். அந்த வேலைக்கு வேண்டிய ஓர் அர்த்தத்தை முதலில் கொடுங்கள். மற்றவை காத்திருக்கும்.

இனிக் கதிரை. எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு எதையும் ஒரு கையால் கொடுப்பதில்லை. சீனரிடமும் அப்படித்தானாம், இரண்டு கையால் கொடுத்தால் அது மரியாதைக்குரிய பரிசு. பரீட்சை முடிந்ததும் நம்பர் வன் எழுந்து, எனக்குத் தலை வணங்கி, கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பதில்லை.

அடுத்த சில நாளில் காக்கா என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது லோஞ்சை மெதுவாக்கினார். எங்களுக்குக் குறுக்கே, தண்ணீர்ப் பீப்பாய்களோடு ஒரு லோஞ்சு போனது. லியாங் எஞ்சினடியில் நின்றான், முகம் கடற்பக்கம். பின்பக்கத்தில், கயிற்றால் இறுக்கிக் கட்டிய அரசாங்கக் கதிரை ஒன்றில் நம்பர் வன் நிமிர்ந்து இருந்தார். போர்க்கப்பல் ஒன்றின் மேலிருந்து யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார்கள். லியாங் திரும்பி நம்பர் வன்னைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். பிறகுதான் லியாங் பதில் கத்தினான்.

“மாஸ்டர்” என்றார் காக்கா, “உங்கட கதிரை கடல்ல ஓடுது.”

களஞ்சியக்காரர் கதிரை எங்கே என்று என்னைக் கேட்டபோது, துறைமுகத்துக்குள்தான் இருக்கிறது என்றேன். கொட்டிலுக்கு அடுத்த கூட்டம் மாலுமிகள் வந்தார்கள். உயரம் பார்க்காமல், அவர்கள் விரும்பிய இடத்தில் இருக்க விட்டு, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. முதல் சில வாரம் கால் கடுக்கும். பிறகு பழகிவிடும்.